செல்லுக்குள் உலோக அயனியைப் பார்ப்பது எப்படி? சாயம் தேர்வதிலிருந்து எண் எடுப்பது வரை

முதன்முதலாக ஒளிர்சாயம் ஏற்றிய செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது உள்ளே பச்சைப் புள்ளிகள் மின்னின. துத்தநாகத்தைப் பார்த்துவிட்டேன் என்றே நம்பினேன். மறுநாள், துத்தநாகத்தை இறுகப் பிடித்து இழுத்துக்கொள்ளும் டி.பி.இ.என். என்ற மூலக்கூறைச் சேர்த்தேன். புள்ளிகள் கொஞ்சமும் மங்கவில்லை. சாயம் செல்லின் அமிலத் தன்மை கொண்ட செரிமானப் பைகளான லைசோசோம்களுக்குள் போய்ச் சேர்ந்து, உலோகம் எதுவும் இல்லாமலேயே அங்கே ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஒரு மாத வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

அதனால்தான் இந்த வழிகாட்டியில் படம் எடுப்பதைவிடப் படத்தைச் சோதிப்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வெளிச்சம் கூடினால் உலோகம் கூடியது என்று பொருள் கொள்ள ஆசையாக இருக்கும். அந்த ஆசையைத் தாண்டி வர என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: எதை அளக்கப் போகிறீர்கள்?

"செல்லில் துத்தநாகம் எவ்வளவு?" என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. மொத்தத் துத்தநாகம் சில நூறு மைக்ரோமோலார் இருக்கும். (மோலார் என்பது செறிவின் அலகு; மில்லி, மைக்ரோ, நானோ, பிக்கோ, ஃபெம்டோ என்று ஒவ்வொன்றும் முந்தையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அதில் ஏறக்குறைய முழுவதும் புரதங்களுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. சைட்டோபிளாசத்தில், அதாவது செல்லின் உள்நீரில், கட்டற்றுத் திரிவது சில நூறு பிக்கோமோலார் அளவுதான். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். 1 பிக்கோலிட்டர் கொள்ளளவுள்ள ஒரு செல்லில் 200 மைக்ரோமோலார் என்பது சுமார் 12 கோடி அயனிகள். 100 பிக்கோமோலார் என்பது வெறும் 60 அயனிகள். சாயம் பிடிப்பது இந்த அறுபதையும், புரதங்களிலிருந்து சுலபமாகக் கழன்று வரக்கூடிய இன்னொரு பங்கையும்தான். அந்தப் பங்கைத்தான் 'இளகிய இருப்பு' என்கிறோம்.

ஒவ்வொரு உலோகத்துக்கும் அளவு வேறு. கால்சியம் அமைதியாக இருக்கும் செல்லில் சுமார் 100 நானோமோலார்; சைகை வரும்போது 1 மைக்ரோமோலார் வரை ஏறும்; செல்லுக்கு வெளியே 1 முதல் 2 மில்லிமோலார்; செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்துவைக்கும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள் சில நூறு மைக்ரோமோலார். கட்டற்ற மக்னீசியம் அரை முதல் 1 மில்லிமோலார். பொட்டாசியம் 140 மில்லிமோலார் அளவில் கொட்டிக் கிடக்கிறது. செம்பு இதற்கு நேர் எதிர். ஈஸ்ட் செல் ஒன்றில் கட்டற்ற செம்பு அயனி ஒன்றுகூட இருக்காது என்று 1999-இல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. ஆகவே "எந்த உலோகம்" என்பதோடு, "செல்லின் எந்த அறையில், எந்த மின்சுமையில், எந்த அளவில்" என்பதையும் சாயப் பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சாயம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரு ஒளிர்சாயத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று உலோகத்தைப் பிடிக்கும், மற்றது ஒளிரும். பெரும்பாலான சாயங்களில் பிடிக்கும் பகுதியில் உள்ள நைட்ரஜன் அணு, கிளர்ச்சியடைந்த ஒளிரும் பகுதிக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து அதன் ஒளியை அணைத்துவிடுகிறது. உலோகம் வந்து அந்த நைட்ரஜனோடு பிணைந்ததும் எலக்ட்ரான் போகும் வழி அடைபடுகிறது, சாயம் ஒளிர்கிறது. இந்த அணைப்பு முறையைத் தெளிவான வடிவமைப்பு விதியாக வளர்த்ததில் பெல்ஃபாஸ்ட்டில் பணியாற்றிய வேதியியலாளர் ஏ. பி. டி சில்வாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

வேறு வகைகளும் உள்ளன. உலோகம் பிடித்ததும் நிறம் இடம் மாறும் சாயங்களில் இரண்டு அலைநீளங்களின் விகிதத்தை அளக்கலாம். உலோகம் வந்தால் மங்கும் சாயங்கள் உண்டு; இரும்பும் இரட்டை நேர்மின்சுமை கொண்ட செம்பும் காந்தத் தன்மையால் இயல்பாகவே ஒளியை அணைப்பவை. உலோகத்தோடு வேதிவினை புரிந்து நிரந்தரமாக ஒளிரத் தொடங்குபவை இன்னொரு வகை. இந்தக் கடைசி வகை, உலோகம் போன பிறகும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். அது இதுவரை சேர்ந்ததைக் காட்டுகிறதே தவிர, இப்போது இருப்பதைக் காட்டவில்லை.

மூன்றாம் படி: தேர்வு

பிரிகை மாறிலி என்பது சாயத்தில் பாதி நிரம்பும் உலோகச் செறிவு. அதன் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்து மடங்கு வரைதான் சாயம் பயனுள்ள வேலை செய்யும். கீழே போனால் காலியாக இருக்கும், மேலே போனால் நிரம்பி வழியும்.

கால்சியத்துக்கு நல்ல வழி 1980-களிலேயே போடப்பட்டுவிட்டது. வேதியியலாளர் ரோஜர் சியென் 1980-இல் பாப்டா என்ற பிடிப்பானை (உலோகத்தைக் கவ்விக்கொள்ளும் மூலக்கூறை) வடிவமைத்தார். பழைய ஈ.ஜி.டி.ஏ. பிடிப்பான் அமிலத் தன்மை சற்று மாறினாலே தடுமாறும். அதன் சட்டத்தில் அரோமாட்டிக் வளையங்களைப் பொருத்தி அந்தத் தடுமாற்றத்தைக் குறைத்தார். அதிலிருந்து 1985-இல் ஃபியூரா-2, இண்டோ-1, 1989-இல் ஃபுளூவோ-3 வந்தன. ஃபியூரா-2 சாயத்தை 340, 380 நானோமீட்டரில் மாற்றி மாற்றிக் கிளர்த்தி 510-இல் அளக்கிறோம். ஃபுளூவோ-4 ஒற்றை அலைநீளச் சாயம். பிரிகை மாறிலி சுமார் 345 நானோமோலார், கால்சியம் பிடித்தால் நூறு மடங்குக்கு மேல் ஒளிரும். வேகமாக நடக்கும் மாற்றத்தைப் பார்க்க ஃபுளூவோ-4, எண் வேண்டுமென்றால் ஃபியூரா-2 என்பது என் வழக்கம். எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குள் இவை இரண்டுமே உதவாது. உள்ளே போன நொடியே நிரம்பிவிடும். அங்கே மேக்-ஃபியூரா-2 மாதிரியான தளர்ந்த பிடிப்புள்ள சாயம் வேண்டும். கால்சியத்துக்கு அதன் பிரிகை மாறிலி சுமார் 25 மைக்ரோமோலார்.

துத்தநாகத்தில் எண்களைக் கவனியுங்கள். ஃபுளூவோசின்-3 என்ற சாயத்தின் பிரிகை மாறிலி சுமார் 15 நானோமோலார். சைட்டோபிளாசத்தில் 100 பிக்கோமோலார் இருந்தால் அந்தச் சாயத்தில் நூற்றில் ஒன்றுகூட நிரம்பாது. நரம்பு முனையிலிருந்தோ கணையத்தின் இன்சுலின் துகள்களிலிருந்தோ கொட்டும் துத்தநாகத்தைப் பார்க்க அது அருமையான சாயம். ஓய்வு நிலையில் உள்ள சைட்டோபிளாசத்தை அளக்க அது பொருந்தாது. சின்பைர்-1 போன்ற, 0.7 நானோமோலார் பிரிகை மாறிலி கொண்ட சாயத்தில் அதே 100 பிக்கோமோலாரில் எட்டில் ஒரு பங்கு நிரம்பும்.

இரும்புக்குக் கால்சீன் பழைய முறை. இரும்பு அதை மங்கச் செய்யும். பிறகு செல்லுக்குள் நுழையக்கூடிய ஒரு இரும்புப் பிடிப்பானைச் சேர்த்தால் ஒளி திரும்பும். திரும்பிய அளவுதான் இளகிய இரும்பு. இரட்டை நேர்மின்சுமை கொண்ட இரும்போடு வினைபுரிந்து ஒளிரும் ரோநாக்ஸ்-1 வகைச் சாயங்கள் புதியவை, பார்க்கவும் எளிது, ஆனால் திரும்பாதவை.

செம்பு எல்லாவற்றிலும் கடினம். செல்லுக்குள் அது ஒற்றை நேர்மின்சுமையோடு இருக்கிறது, மில்லிமோலார் அளவில் உள்ள குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு அதைக் கவ்விக்கொண்டிருக்கிறது. செம்பைப் பிடிக்கும் கந்தகக் கைகள் சாயத்தை எண்ணெய்த் தன்மை உடையதாக ஆக்குவதால், சாயமே தண்ணீரில் திரண்டு, சவ்வுகளில் ஒட்டி, செம்பு இல்லாமலும் பிரகாசிக்கக் கூடும். செம்புச் சாயத்தில் தொடங்குபவர்கள், செம்பைப் பிடிக்க முடியாதபடி ஆக்கப்பட்ட அதே சாயத்தின் இணையையும் வாங்கினால் மட்டுமே தொடங்குங்கள்.

பிறகு தனித்தேர்வு, அதாவது சாயம் குறிவைத்த உலோகத்தை மட்டும் பிடிக்கிறதா என்பது. பாப்டாவிலிருந்து வந்த கால்சியச் சாயங்கள் எல்லாமே துத்தநாகத்தைக் கால்சியத்தைவிட இறுக்கமாகப் பிடிக்கும். ஃபியூரா-2 துத்தநாகத்தைச் சில நானோமோலாரிலேயே பிடித்துவிடும். பொதுவாக மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு என்று பிடிப்பு ஏறிக்கொண்டே போய், துத்தநாகத்தில் சற்று இறங்கும். இந்த இர்விங்-வில்லியம்ஸ் வரிசையை மறந்தால், துத்தநாகச் சாயத்தில் செம்பு நுழைந்து ஒளியை அணைப்பது கண்ணுக்குத் தெரியாது.

மரபணு வழியில் செல்லே தயாரிக்கும் புரத உணரிகளும் உண்டு. கால்சியத்துக்கு 1997-இல் கேமிலியான், 2001-இல் ஜீகேம்ப் வந்தன. துத்தநாகத்துக்கும் இப்படிப்பட்டவை உள்ளன. எந்த வகைச் செல்லில், எந்த அறைக்குள் என்று முகவரி எழுதி அனுப்ப முடிவது இவற்றின் பெரிய பலம். நாள்கணக்கில் நடக்கும் சோதனைக்கு நான் இவற்றையே சொல்வேன்.

நான்காம் படி: முதலில் செல் இல்லாமல்

வாங்கிய சாயத்தை நேராகச் செல்லில் ஊற்றாதீர்கள். குப்பியில் எழுதியிருக்கும் மாறிலி உங்கள் வெப்பநிலைக்கும் உங்கள் கரைசலுக்கும் உரியது அல்ல. ஃபியூரா-2 அறை வெப்பத்தில், மக்னீசியம் இல்லாமல், சுமார் 145 நானோமோலார் காட்டும். 37 டிகிரியில், மக்னீசியத்தோடு, சுமார் 224.

நானோமோலார் கால்சியத்தை நீர்த்து நீர்த்துத் தயாரிக்க முடியாது. நல்ல தண்ணீரிலேயே மைக்ரோமோலார் அளவுக் கால்சியம் இருக்கலாம். ஈ.ஜி.டி.ஏ.-வையும் கால்சியம் ஏற்றிய ஈ.ஜி.டி.ஏ.-வையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து செறிவைக் கட்டுப்படுத்துங்கள். இங்கே அமிலத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரை நம்பிக்கைக்குரியதாக வைத்திருப்பது முக்கியம்: 0.1 பிழையானால் ஈ.ஜி.டி.ஏ.-வின் பிடிப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மாறும். துத்தநாகத்துக்கும் இதே மாதிரி பிடிப்பான் கலவைதான் தேவை. கண்ணாடிப் பாத்திரம் உலோகங்களைக் கசியவிடும், ஆகவே பிளாஸ்டிக். பாஸ்பேட் கரைசல் துத்தநாகத்தைப் படிய வைக்கும், ஆகவே ஹெப்பிஸ் போன்ற கரைசல். சீரத்தில் உள்ள ஆல்புமின் புரதம் துத்தநாகத்தை உறிஞ்சும், ஆகவே சீரம் வேண்டாம்.

இதே மேசையில் இன்னும் இரண்டு சோதனைகள் செய்துவிடுங்கள். சாயத்தோடு நீங்கள் செல்லுக்குக் கொடுக்கப்போகும் மருந்தைச் சேர்த்து ஒளியை அளங்கள். மருந்தே ஒளிரக்கூடும், அல்லது அணைக்கக்கூடும். அப்புறம் உலோகம் இல்லாமல் பிஎச் 7.2-லும் 4.5-லும் அளங்கள். பின்னது லைசோசோமின் சூழல். என் பச்சைப் புள்ளிகளை இந்தப் பத்து நிமிடச் சோதனை முன்பே சொல்லியிருக்கும்.

ஐந்தாம் படி: செல்லுக்குள் ஏற்றுவது

சாயத்தின் எதிர்மின் சுமைகள் அதைச் சவ்வைத் தாண்ட விடாது. அதனால் அந்த இடங்களை அசிடாக்சிமெத்தில் எஸ்டராக மூடுகிறோம். ஆய்வகப் பேச்சில் ஏ.எம். வடிவம். உள்ளே போனதும் செல்லின் எஸ்டரேஸ் நொதிகள் மூடியை வெட்டிவிட, சாயம் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். வெட்டுப்படும் ஒவ்வொரு மூடியும் ஒரு அசிட்டிக் அமிலத்தையும் ஒரு ஃபார்மால்டிஹைடையும் விட்டுச் செல்கிறது. ஃபியூரா-2 ஏ.எம். வடிவத்தில் இப்படி ஐந்து மூடிகள். அதிகச் சாயம் ஏற்றினால் செல் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடங்குவதற்கு: ஈரமில்லாத டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் 1 மில்லிமோலார் இருப்புக் கரைசல், சிறு குப்பிகளில் பிரித்து உறைநிலையில். அதில் சம அளவு 20 சதவீத புளூரோனிக் எஃப்-127 (சாயத்தைக் கரைய வைக்கும் சோப்பு போன்ற பொருள்) கலந்து, பிறகு சீரம் இல்லாத ஊடகத்தில் 1 முதல் 5 மைக்ரோமோலாருக்கு நீர்த்துங்கள். சீரத்தில் எஸ்டரேஸ் இருப்பதால் மூடியை வெளியிலேயே வெட்டிவிடும். 20 முதல் 45 நிமிடம் வைத்து, கழுவி, இன்னும் 30 நிமிடம் சும்மா விடுங்கள்; மீதி மூடிகள் அந்த நேரத்தில் வெட்டுப்படும். 37 டிகிரியில் ஏற்றினால் சாயம் நுண்ணறைகளுக்குள் புகுந்துகொள்வது அதிகம். அறை வெப்பத்தில் ஏற்றிப் பாருங்கள், பல செல்களில் சைட்டோபிளாசம் சீராக நிரம்பும். செல் சாயத்தை வெளியே தள்ளினால் 1 முதல் 2.5 மில்லிமோலார் புரோபெனசிட் உதவும்.

குறைவாக ஏற்றுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே 1 மைக்ரோமோலார் வைத்தாலும், மாட்டிக்கொண்ட சாயம் உள்ளே 50, 100 மைக்ரோமோலார் வரை குவியும். 100 பிக்கோமோலார் துத்தநாகத்தை அளக்க 100 மைக்ரோமோலார் சாயம் என்றால் அது பத்து லட்சம் மடங்கு. அந்தச் சாயம் புரதங்களிடமிருந்தே துத்தநாகத்தைக் கழற்றத் தொடங்கும். கால்சியத்திலும் அப்படியே, சாயம் கால்சியத்தைத் தாங்கிக்கொள்வதால் அலையின் உச்சி தாழ்ந்து, வால் நீளும். பாதிச் செறிவில் ஒருமுறை, கால் செறிவில் ஒருமுறை செய்து பாருங்கள். விடை செறிவைப் பொறுத்து மாறினால் நீங்கள் அளப்பது சாயத்தின் தலையீட்டைத்தான்.

ஆறாம் படி: படம்

ஃபீனால் ரெட் என்ற நிறமி இல்லாத ஊடகம், முடிந்த அளவு குறைந்த ஒளி, முடிந்த அளவு நல்ல கேமரா. சாயம் இல்லாத செல்களை அதே அமைப்பில் முதலில் படம் எடுங்கள். அந்த எண் பின்புலம். பிறகு எல்லாவற்றிலிருந்தும் கழிக்க வேண்டியது. விகிதச் சாயத்தில் பின்புலத்தை விகிதம் எடுப்பதற்கு முன் கழிக்க வேண்டும், பின்னால் அல்ல.

ஏழாம் படி: படத்தை விசாரிப்பது

இங்கேதான் வேலையின் உயிர் இருக்கிறது. வரிசையாகக் கேளுங்கள்.

உலோகத்தை எடுத்தால் ஒளி போகிறதா? துத்தநாகத்துக்கு டி.பி.இ.என். அது துத்தநாகத்தை ஃபெம்டோமோலார் அளவிலேயே பிடிக்கும், கால்சியத்தைப் பிடிக்க 40 மைக்ரோமோலார் வேண்டும். ஆகவே ஃபியூரா-2 காட்டும் "கால்சிய ஏற்றம்" டி.பி.இ.என். சேர்த்ததும் விழுந்தால், அது துத்தநாகம்தான் என்று சந்தேகியுங்கள். ஆனால் டி.பி.இ.என். இரும்பையும் செம்பையும் விடாது. சில மணி நேரத்தில் செல்லைக் கொல்லவும் செய்யும். சில நிமிடச் சோதனைக்கு மட்டும் வையுங்கள்.

உலோகத்தைச் சேர்த்தால் ஒளி கூடுகிறதா? துத்தநாகத்தைச் சவ்வு தாண்டிக் கொண்டுபோகப் பைரிதயோன், கால்சியத்துக்கு அயனோமைசின். இதற்குப் பிறகும் ஒளி ஏறவில்லை என்றால் சாயம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, அல்லது வேலை செய்யவில்லை. இரண்டில் எது என்று நான்காம் படியின் எண்கள் சொல்லும்.

உலோகம் பிடிக்காத இணைச் சாயம் என்ன செய்கிறது? நோயுற்ற செல் சாயத்தை அதிகமாக உள்ளே எடுத்தால், உலோகம் மாறாமலேயே ஒளி கூடும். இணைச் சாயமும் அதே அளவு கூடினால் கதை முடிந்தது.

சாயம் எங்கே இருக்கிறது? லைசோசோம், மைட்டோகாண்ட்ரியா, கோல்கி ஆகியவற்றின் அடையாளச் சாயங்களோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஃபுளூவோசின்-3 ஏ.எம். சைட்டோபிளாசத்தில் மட்டும் இருப்பதாக நினைத்துப் பல காலம் பயன்பட்டது. அது பல நுண்ணறைகளுக்குள்ளும் போகிறது என்பது பிறகு தெரியவந்தது.

இரண்டாவது சாயமும் இதையே சொல்கிறதா? ஒரே குடும்பத்து இரண்டு சாயங்கள் ஒத்துப்போவது சாட்சி ஆகாது. பிடிக்கும் பகுதியும் ஒளிரும் பகுதியும் வேறான சாயம், முடிந்தால் ஒரு புரத உணரி. அதன்பின் ஐ.சி.பி. நிறமாலைமானியில் (மாதிரியைச் சூடான பிளாஸ்மாவில் சிதைத்து அணுக்களை அளக்கும் கருவி) மொத்த உலோகத்தை அளங்கள். மொத்தம் மாறாமல் இளகிய இருப்பு மட்டும் மாறியிருந்தால், உலோகம் வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே கைமாறியிருக்கிறது என்று பொருள்.

எட்டாம் படி: ஒளியிலிருந்து எண்

விகிதச் சாயத்துக்கு, ஃபியூரா-2 சாயத்தோடு வந்த 1985-ஆம் ஆண்டுச் சமன்பாடு இன்றும் போதும்: கால்சியச் செறிவு = பிரிகை மாறிலி × பீட்டா × (விகிதம் − குறைந்த விகிதம்) ÷ (உச்ச விகிதம் − விகிதம்). விகிதம் என்பது 340-இல் கிளர்த்தும்போது வரும் ஒளியை 380-இல் கிளர்த்தும்போது வரும் ஒளியால் வகுத்தது. பீட்டா என்பது 380-இல் கால்சியம் இல்லாதபோது வரும் ஒளியை, நிரம்பியபோது வரும் ஒளியால் வகுத்தது. உச்சத்துக்கு அயனோமைசினும் மிகுதியான கால்சியமும். அடிமட்டத்துக்கு அயனோமைசினும் ஈ.ஜி.டி.ஏ.-வும். கடைசியில் மாங்கனீசு சேர்த்துச் சாயத்தை முழுவதும் அணைத்தால் மிஞ்சுவது உண்மையான பின்புலம். அடிமட்டம் மெதுவாகத்தான் வரும், கால் மணி நேரம்கூட ஆகலாம், அவசரப்பட வேண்டாம்.

ஒற்றை அலைநீளச் சாயத்தில் எண் எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தொடக்க ஒளியோடு ஒப்பிட்ட மாற்றத்தைச் சொல்லுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். ஒளிர்வு ஆயுளை (கிளர்ந்த சாயம் ஒளிர எடுத்துக்கொள்ளும் நேரத்தை) அளக்கும் கருவி இருந்தால் நிலைமை வேறு. ஆயுள் சாயத்தின் அளவையோ செல்லின் தடிமனையோ பொறுத்ததல்ல.

ஒன்பதாம் படி: திசு

தட்டில் வளர்ந்த செல்லில் எளிதாக இருந்த எல்லாம் திசுவில் கடினமாகும். சாயம் மேலடுக்கைத் தாண்டி இறங்காது; ஒளி சிதறும்; திசு தானாகவே ஒளிரும். நீல, பச்சைப் பகுதியில் செல்லின் சொந்த மூலக்கூறுகளான என்.ஏ.டி.ஹெச்.-சும் ஃபிளேவின்களும், வயதான திசுவில் எல்லா நிறத்திலும் லிப்போஃபசின் என்ற கழிவு நிறமியும் குறுக்கிடும். 650 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஓரத்தில் வேலை செய்யும் சாயங்களுக்கு இங்கே மதிப்பு அதிகம். 1990-இல் வந்த இரு-ஃபோட்டான் மைக்ரோஸ்கோப் ஆழத்தின் கதவைத் திறந்தது. 2003-இல் உயிருள்ள மூளைத் திசுவுக்குள் ஊசிமுனைப் பிப்பெட்டால் ஏ.எம். சாயத்தை நேராகச் செலுத்தி, நூற்றுக்கணக்கான நரம்புச் செல்களை ஒரே நேரத்தில் பார்க்கும் முறை வந்தது.

திசுவைத் துண்டாக வெட்டும்போது கிழிந்த செல்கள் தங்கள் உலோகத்தை வெளியே கொட்டும். ஆகவே மேற்பரப்பிலிருந்து முதல் சில பத்து மைக்ரோமீட்டரை விட்டுவிட்டுப் படம் எடுங்கள். மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் உள்ள பாசி இழைகள் என்ற நரம்பு நார்கள் நல்ல ஒப்பீட்டுப் பொருள்: அவற்றின் நுண்பைகளில் துத்தநாகம் நிறைய உண்டு என்பது நன்கு நிறுவப்பட்டது. உங்கள் துத்தநாகச் சாயம் அங்கேயே ஒளிரவில்லை என்றால் வேறெங்கும் அது காட்டுவதை நம்பாதீர்கள். திசுவை ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய பிறகு சாயமிடுவதைத் தவிர்க்கப் பாருங்கள். பதப்படுத்தும்போதே உலோகம் இடம் பெயர்கிறது, சிறு சாயங்கள் கழுவலில் போய்விடுகின்றன.

ஒவ்வொரு படத்தோடும் சாயத்தின் தொகுதி எண், ஏற்றிய செறிவு, வெப்பநிலை, நேரம், ஒளியின் அளவு, பிடிப்பான் சேர்த்த நிமிடம் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு படங்கள் முரண்படும்போது இந்த வரிகளைத்தான் முதலில் தேடுவீர்கள்.